நாலு மணிச் சங்கும் ஒரு வாட்ஸ்ஆப் குழுவும்

நிகழ்வு ஆய்வு, வட சென்னை

மறதி நோய் வந்த அப்பாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு மகளைப் பற்றிய குறிப்பு இது. அவரிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார். திருத்திவிட்டேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், பெயர்களைச் சொல்லவில்லை.

நான் ஓய்வு பெற்ற செவிலியர். மறதி நோய் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக ஒரு தமிழ் வாட்ஸ்ஆப் குழு இருக்கிறது. இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து நான் அதைக் கவனித்துக்கொள்கிறேன். அறுபது பேர் வரை இருக்கிறார்கள். மருத்துவமனை கேஸ் ஷீட்டில் நோயாளியின் ரத்த அழுத்தம் வரும், மாத்திரைப் பெயர் வரும். கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர் ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பது வராது. அதை எழுதி வைக்கத்தான் இந்த ஆய்வு.

வீடும் ஆட்களும்

பெரியவருக்கு வயது 74. புளியந்தோப்பில் மாடியில் ஓர் அறை, ஒரு சமையலறை. கழிப்பறை கீழே, நான்கு குடித்தனத்துக்கும் பொது. படித்தது ஐந்தாம் வகுப்பு. பின்னி மில் என்று எல்லோரும் சொல்கிற பக்கிங்ஹாம் கர்னாடிக் மில்லில் தறி ஓட்டியவர். 1996ல் மில் மூடியபோது அவருக்கு 46 வயது. அப்புறம் பல இடங்களில் வாட்ச்மேன் வேலை. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு.

மகளுக்கு 41. வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார். கணவர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வெளியூர். பத்தாவது படிக்கும் ஒரு பையன். அப்பாவை அவர் நைனா என்றுதான் கூப்பிடுவார், ஆகவே நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

அம்மா 2022ல் இறந்தார். "அம்மா இருந்த வரைக்கும் ஒண்ணுமே தெரியலக்கா" என்றார் மகள். இதை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். யாராவது நைனாவிடம் ஏதாவது கேட்டால் அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்வார். ரேஷன் கடைக்குக் கூடவே போவார், சில்லறையை அவரே எண்ணி வாங்குவார். ஒருத்தர் மறதியை இன்னொருத்தர் தன் முந்தானைக்குள் மூடி வைத்திருந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று சாயங்காலம் நைனா கேட்டார்: "உங்கம்மா இன்னும் வரலியா?"

துக்கம் என்று நினைத்து ஒரு வருடத்துக்கு மேல் விட்டுவிட்டார்கள். அப்புறம் ஓர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். தைராய்டு, வைட்டமின் பி12, தலைக்கு சி.டி. ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். இவற்றில் கோளாறு இருந்தால் சரிசெய்யக்கூடிய மறதியாக இருக்கலாம் என்பதால் முதலில் இவற்றைப் பார்ப்பது முறை. கேள்விகளும் கேட்டார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால் ஐந்தாம் வகுப்புப் படித்தவர் நல்ல நினைவோடு இருந்தபோதும் திணறியிருப்பார். குறைந்த படிப்பு உள்ளவர்களிடம் மறதி நோயை எப்படிச் சரியாகக் கண்டுபிடிப்பது என்று 10/66 என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு விரிவாக ஆராய்ந்தது. அந்த ஆய்வில் சென்னை, வேலூர் முதியவர்களும் இருந்தார்கள். நைனாவைப் பார்த்த மருத்துவருக்கு இந்த விஷயம் புரிந்திருந்தது. போன வருடம் தானாகச் செய்தது எதெல்லாம் இப்போது முடியவில்லை என்று மகளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். அல்சைமர் நோயும், மூளையின் ரத்தக் குழாய்கள் கெட்டதால் வரும் மறதியும் கலந்திருக்கிறது என்றார். டோனெபெசில் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இது சிலருக்குக் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க உதவும், போனதைத் திருப்பித் தராது என்பதையும் சொல்லியனுப்பினார்.

நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. தெருவில் "வயசானா அப்படித்தான்" என்றார்கள். அம்பத்தூரில் இருக்கும் அண்ணன் "உன்கிட்ட மட்டும்தான் அப்படிப் பண்றாரு" என்றார். மகளே முதல் மாதங்களில் என்னிடம் சொன்னது: "வேணும்னே பண்றாருக்கா."

மூன்று இருபதுக்கு

பிளவுஸ் தைக்கக் கொடுத்த ஒரு வாடிக்கையாளர்தான் அவரைக் குழுவில் சேர்த்தார். ஒரு வாரம் பேசவேயில்லை. 2024 ஜூனில் ஒரு நாள் விடியற்காலை 3.20க்கு முதல் குரல் செய்தி வந்தது. "அக்கா, யாராச்சும் முழிச்சினு இருக்கீங்களா? எங்க நைனா கதவ ஒடைக்கிறாரு. மில்லுக்குப் போவணுமாம்." பின்னால் கதவுச் சங்கிலி அடித்துக்கொள்ளும் சத்தம்.

நான் தூங்கிக்கொண்டிருந்தேன். பதில் சொன்னவர் டொராண்டோவில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. அங்கே அப்போது மாலை ஆறு மணிகூட ஆகவில்லை. "நான் முழிச்சுத்தான் இருக்கிறன் தங்கச்சி, சொல்லுங்கோ." நாற்பது நிமிடம் பேசினார்கள். தன் தாயாருக்கு அறளை பேர்ந்த கதையைச் சொல்லியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் இந்த நிலைக்கு இப்படி ஒரு சொல் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

மறுநாள் மகளிடம் பேசினேன். "அந்தக்கா பேசினது பாதி புரியல. ஆனா நான் சொன்னதக் கேட்டுனே இருந்தாங்க. நைனாவும் அதுக்குள்ள தூங்கிட்டாரு" என்றார். அன்று அவருக்குக் கிடைத்த உதவி அவ்வளவுதான். இந்த மாதிரிக் குழு என்ன தர முடியும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். வட சென்னையில் விடியற்காலை மூன்று மணிக்குப் போய்த் தட்ட ஒரு கதவு கிடையாது. கைபேசியில் இருந்தது.

"எங்க தெருவுல எனக்கு மட்டும்தான்க்கா இப்படி" என்று அதே பேச்சில் சொன்னார். இந்திய முதியவர்களிடையே மறதி நோய் எவ்வளவு என்று பார்த்த லாசி-டாட் ஆய்வின், 2023ல் வெளியான மதிப்பீட்டை அவருக்கு விளக்கினேன். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு 7.4 பேர், ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு இந்த நோய். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ பின்தெரு ஆயாவுக்கும் இதானா?" என்றார். எனக்குத் தெரியாது, ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான்.

சங்கு

நைனா தினமும் நாலு மணிக்கு எழுந்துவிடுவார். சங்கு ஊதிவிட்டது, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, தூக்கு எங்கே என்பார். "மில்லு மூடி இருபத்தெட்டு வருஷம் ஆச்சு நைனா" என்று மகள் சொல்வார். அவருக்கு அது ஒவ்வொரு நாளும் புதுச் செய்தி. ஒரு நாள் அழுவார், ஒரு நாள் யார் மூடினது என்று அடிக்க வருவார். தினமும் விடியற்காலையில் ஒரு மனிதருக்கு வேலை போனது என்று யோசித்துப் பாருங்கள்.

இதைக் குழுவில் சொன்னபோது காசிமேட்டு அக்கா ஒருவர் பேசினார். அவர் கணவர் விசைப்படகில் போனவர். மறதி வந்த பிறகு தினமும் ராத்திரி இரண்டு மணிக்குக் கடலுக்குப் புறப்பட்டுவிடுவார். இந்த அக்கா அவரிடம், "தடைக்காலங்க, இன்னிக்கு ஒருத்தரும் போகல" என்பாராம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பது கரையில் எல்லோருக்கும் தெரிந்த விதி, அவர் உடம்பில் ஊறியது. சரி என்று படுத்துக்கொள்வார். அவர் வீட்டில் வருடம் முழுக்கத் தடைக்காலம்தான்.

திருவொற்றியூர் தம்பி ஒருவர் உடனே யோசனை சொன்னார். "மில்லுக்கும் அதே மாதிரி. இன்னிக்கு ஸ்ட்ரைக்னு சொல்லுங்கக்கா." நல்ல யோசனையாகத்தான் பட்டது. 1918ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததே அந்த மில் தொழிலாளிகளை வைத்து, நைனாவும் சங்கத்து ஆள். இரண்டு நாள் பலித்தது. மூன்றாம் நாள் கேட் மீட்டிங்குக்குப் போக வேண்டும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஸ்ட்ரைக் என்றால் வீட்டில் படுக்கிற ஆள் அவர் இல்லை.

மகளே அப்புறம் கண்டுபிடித்தார். "இன்னிக்கு வார லீவு நைனா. காபி குடிச்சிட்டுப் படு." அது பலித்தது. எல்லா நாளும் இல்லை, ஆனால் பெரும்பாலான நாட்கள்.

பொய் சொல்லலாமா என்று குழுவில் பெரிய பேச்சு நடந்தது. மதுரை அண்ணன் ஒருவர், பெற்ற தகப்பனிடம் தினமும் பொய் சொல்ல மனசு வரவில்லை என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. என் கருத்தை நான் சொன்னேன். முதலில் பொய்யும் வேண்டாம், திருத்தமும் வேண்டாம். எந்தத் தறி, மேஸ்திரி யார், என்ன துணி ஓடுகிறது என்று கேளுங்கள். மில்லுக்குப் போக வேண்டும் என்பதற்குள் நான் பயன்படுகிற ஆள் என்ற எண்ணம் இருக்கிறது. அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள். அதிலும் அடங்காமல் கதவை உடைக்கிற நேரம் வந்தால் வார லீவு சொல்வதில் ஒரு பாவமும் இல்லை.

மகள் கேட்கத் தொடங்கினார். பட்டாளத்துக்குப் போகும் காக்கித் துணி, நூல் அறுந்தால் முடிச்சுப் போடும் வேகம், பஞ்சுத் தூசி என்று நைனா விடிய விடியப் பேசினார். இதில் பாதி மகளுக்குத் தெரியாத கதை. யாரோ குழுவில் "அவர் கைக்கு வேலை குடுங்க" என்று எழுத, தையல் மிஷினுக்குக் கீழே கிடந்த வெட்டுத்துணி மூட்டையை அவர் முன்னால் கொட்டினார். நைனா ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, பருத்தி ஒரு பக்கம், பாலியெஸ்டர் ஒரு பக்கம் பிரித்து மடித்து வைத்தார். மகளின் பெயர் சில நாள் வராது. விரலுக்குத் துணி மறக்கவில்லை. மத்தியானம் இரண்டு மணி நேரம் இப்படிப் போனதால் பகல் தூக்கம் குறைந்தது. மகளின் ராத்திரித் தூக்கம் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி நேரம் ஆனது.

கதவுக்கு வெளியே சங்கிலி போடுவதை நிறுத்தச் சொன்னோம், தீப்பிடித்தால் என்ன ஆகும் என்ற பயத்தில். பதிலாகக் கதவில் ஒரு கோயில் மணி. நைனாவின் சட்டைக் காலருக்கு உள்ளே மகளின் கைபேசி எண்ணைத் துணிப்பட்டையில் தைத்து வைத்தார். கைலி அவிழ்ந்து காலில் சிக்கி ஒரு தடவை விழுந்ததால் இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்தார். இந்த இரண்டையும் படம் எடுத்துப் போட்டார். "எங்கப்பாவுக்கும் தைச்சுத் தர முடியுமா?" என்று அன்று ராத்திரிக்குள் ஐந்து பேர் கேட்டார்கள்.

அந்த வீடியோ

ஆகஸ்டில் ஒரு நாள் குழுவில் ஒரு வீடியோ வந்தது. நைனா இடுப்பில் துணி இல்லாமல் நின்று, பணத்தைத் திருடிவிட்டாள் என்று மகளைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார். நாற்பது வினாடி. அறுபது பேருக்குப் போய்விட்டது.

உடனே நீக்கினேன். கோபமாகத்தான் போன் செய்தேன், அதை மறைக்கவில்லை. மகள் அழவில்லை. "அவரு என்னத் திட்டுறது யாருக்காச்சும் தெரியணும்ல? எங்கண்ணன் வர்ற அன்னிக்கு நல்லாப் பேசுறாரு. நான்தான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறாங்க" என்றார். நான் பேச்சிழந்துபோனேன். இந்த நோய் உள்ளவர்கள் விருந்தாளி முன்னால் சிறிது நேரம் நன்றாகச் சமாளிப்பது எல்லா வீட்டிலும் நடப்பது. கூடவே இருப்பவர் சொல்வதை அதனால்தான் யாரும் நம்புவதில்லை. அவருக்குச் சாட்சி வேண்டியிருந்தது. அவரிடம் இருந்த ஒரே சாட்சிக்கூண்டு அந்தக் குழு.

ஆனால் நைனாவுக்கு அந்தக் குழு இருப்பதே தெரியாது. தன்னை யார் பார்க்கிறார்கள் என்று அவரைக் கேட்க முடியாது. மில்லில் சங்கத்து ஆளாக நிமிர்ந்து நடந்தவர். அன்றே விதி வைத்தோம். நோயாளியின் முகமோ உடம்போ தெரியும் படம், வீடியோ குழுவில் கூடாது, என்ன நடந்தது என்று குரலில் சொல்லுங்கள். மருத்துவரிடம் காட்டுவதற்காக எடுத்து வைத்துக்கொள்வது வேறு, அது அவருக்கு உதவும். இந்த விதியை ஆரம்பத்திலேயே வைக்காதது எங்கள் மூன்று பேருடைய தவறு.

அண்ணனோடு அடுத்த ஞாயிறு ஒரு வீடியோ கால் போட்டோம். நானும் இருந்தேன், அவரைப் போலவே முதலில் நம்பாமலிருந்து பின்னால் மாறிய ஒரு மகனும் இருந்தார். அந்த மகன் பேசியதுதான் எடுபட்டது. அண்ணன் இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ராத்திரி வந்து படுக்கிறார். போதாது. ஆனால் ஒரு ராத்திரி தங்கிய பிறகு "உன்கிட்ட மட்டும்தான்" என்ற பேச்சு நின்றுவிட்டது.

அக்டோபர்

இதைக் கொஞ்சம் கவனமாக எழுத வேண்டும், ஏனென்றால் குழுவே இங்கே ஆபத்தாக மாறப் பார்த்தது.

அக்டோபரில் இரண்டே நாளில் நைனா ஆள் மாறிவிட்டார். பகலெல்லாம் மயக்கம் மாதிரி, ராத்திரியில் சுவரில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிக்கொண்டேயிருந்தார். மகள் குழுவில் கேட்டார். "நோய் அடுத்த கட்டத்துக்குப் போயிடுச்சு, எங்கம்மாவுக்கும் இப்படித்தான்" என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். இன்னொருவர் தன் தாயாருக்குக் கொடுக்கும் மாத்திரை அட்டையைப் படம் எடுத்துப் போட்டு, பாதி கொடுங்கள், தூங்கிவிடுவார் என்றார். இரண்டு பேரும் நல்ல மனசோடு சொன்னவர்கள்தான். அது மனநோய்க்குக் கொடுக்கும் வகை மாத்திரை. மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு அந்த வகை மருந்துகள் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே எச்சரித்திருக்கிறது. வேறு வழியில்லாத நேரத்தில் மருத்துவர் அளந்து கொடுப்பார். பக்கத்து வீட்டு அட்டையிலிருந்து பிய்த்துப் போடும் மாத்திரை இல்லை அது.

காசிமேட்டு அக்காதான் கேட்டார்: "எப்பலேர்ந்துமா? ஒண்ணுக்கு சரியாப் போறாரா?" நேற்றிலிருந்து சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது என்றார் மகள். நான் அப்போதுதான் செய்திகளைப் பார்த்தேன், உடனே மருத்துவமனைக்குக் கிளம்பச் சொன்னேன். சிறுநீர்த் தொற்று, உடம்பில் நீர் வற்றியிருந்தது. ஆன்டிபயாடிக் கொடுத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். எறும்புகள் நான்கு நாளில் போய்விட்டன. முழுத் தெளிவு வர இரண்டு வாரம் ஆனது. பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவும் இல்லை.

நீர் ஏன் வற்றியது? கழிப்பறை கீழே. ராத்திரியில் படி இறங்க முடியாமல் படுக்கையை நனைக்கிறார் என்று மகள் மத்தியானத்துக்கு மேல் தண்ணீரைக் குறைத்திருந்தார். இதைச் சொல்லும்போதுதான் அவர் அழுதார். குடம் தூக்கி மாடி ஏறி, தினமும் நனைந்த போர்வையைத் துவைக்கிறவர் வேறு என்ன செய்வார்? யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. தாங்களும் இதையே செய்ததாக நான்கு பேர் சொன்னார்கள். மறைந்த உறவினர் ஒருவருடைய கமோடு நாற்காலியை பெரம்பூர்க்காரர் ஒருவர் ஆட்டோவில் கொண்டுவந்து கொடுத்தார். தண்ணீர் பழையபடி குடிக்கிறார்.

அன்று முதல் குழுவின் மேலே ஒரு செய்தியை நிறுத்தி வைத்திருக்கிறோம். மறதி நோய் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் நகரும். மணிக் கணக்கிலோ ஓரிரு நாளிலோ ஆள் மாறினால் அது வேறு எதுவோ. தொற்று, நீர் வற்றல், மலச்சிக்கல், புது மருந்து, கீழே விழுந்து தலையில் அடி. குழுவில் கேட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள். மருந்துப் பெயர், அளவு, அட்டைப் படம் குழுவில் கூடாது. அதன் கீழே மூத்தோர் உதவி எண் 14567, மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416. சென்னையில் மனநலத்துக்காக இயங்கும் ஸ்கார்ஃப் நிறுவனத்தின் மறதி நோய்ப் பிரிவு, 1992ல் தொடங்கிய இந்திய அல்சைமர் சங்கத்தின் சென்னைக் கிளை, 2024ல் கிண்டியில் திறந்த தேசிய முதியோர் நல மையம் ஆகியவற்றின் விவரமும் இருக்கிறது. மூன்று மாதத்தில் நினைவு திரும்பும் என்று ஒரு பொடியை விற்க வந்தவரை அதே வாரம் நீக்கினோம்.

குழுவுக்கு எட்டாதவர்கள்

நான் அடிக்கடி நினைப்பது நைனாவின் மனைவியை. அவர் உயிரோடு இருந்திருந்தால் இந்தக் குழுவில் இருந்திருக்க மாட்டார். அவரிடம் பட்டன் போன்தான் இருந்தது. கணவனைப் பார்த்துக்கொள்ளும் வயதான மனைவிகள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள், அவர்கள்தான் எங்களிடம் குறைவு. எழுதக் கூச்சப்படுகிறவர்களுக்காகக் குரல் செய்தியை முதன்மையாக்கினோம். அது மகளைப் போன்றவர்களைக் கொண்டுவந்தது, தாய்மார்களை இல்லை. இதற்கு என் கையில் தீர்வு இல்லை. மாதம் ஒரு முறை வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் நேரில் கூடுகிறோம், ஐந்தாறு பேர் வருகிறார்கள்.

இப்போது

மகள் இதுவரை குழுவில் உள்ளவர்களுக்கு இருபதுக்கு மேல் சட்டைகளில் எண் தைத்துக் கொடுத்திருக்கிறார். கூலி வாங்கவில்லை, நூலுக்கு மட்டும். முன்பக்கம் வெல்க்ரோ வைத்த ஜாக்கெட் ஒன்றை ஒரு பாட்டிக்காகத் தைத்தார். அதை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நைனா நடக்கிறார், சாப்பிடுகிறார். பேச்சு குறைந்துவிட்டது. வெட்டுத்துணியை இப்போது பிரிப்பதில்லை, ஒரு துண்டைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டிருக்கிறார்.

பிப்ரவரி கடைசியில் மகளிடமிருந்து விடியற்காலையில் ஒரு குரல் செய்தி வந்தது. "அக்கா, பத்து நாளா நைனா மில்லக் கேக்கல. நல்லாத் தூங்குறாரு. எனக்குத்தான் நாலு மணிக்கு முழிப்பு வந்துடுது. சங்கு ஊதுதானு கேட்டுனு உக்காந்திருக்கேன்."

வெகு நேரம் யாரும் பதில் போடவில்லை. காசிமேட்டு அக்காவின் கணவர் பொங்கலுக்கு முன்னால் தவறிவிட்டார், ஆனால் குழுவை விட்டு அந்த அக்கா போகவில்லை. ஐந்து மணி சுமாருக்கு அவர் பேசினார். "எனக்கும் ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துரும்மா. எழுந்து காபி போட்டுக் குடி. நானும் போடறேன்."